ஏழைகளுக்கு என்ன வேண்டும் என்று யார் முடிவு செய்வது? தன் தப்புகளில் இருந்தே பாடம் படித்த ஜேன் ஆடம்ஸ்

பூங்கா கட்டியிருப்பார்கள், ஆள் வர மாட்டார்கள். பொதுக் கழிப்பறை கட்டியிருப்பார்கள், பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். சமுதாயக் கூடம் திறந்த நாளோடு பூட்டிக் கிடக்கும். திட்டம் போட்டவரைக் கேட்டால், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் சுமார் 130 வருஷத்துக்கு முன்பு ஒரு பெண்ணுக்கும் இதே நிலைமைதான் வந்தது. அவரிடம் பணம் இருந்தது, படிப்பு இருந்தது, நல்ல மனசும் இருந்தது. ஆனாலும் அவர் போட்ட திட்டங்களில் சில படுதோல்வி அடைந்தன. அப்போது அவர் மக்களைக் குறை சொல்லவில்லை. தன் மண்டைக்குள் இருக்கும் முன்முடிவு என்ன என்று தேட ஆரம்பித்தார். அவர்தான் ஜேன் ஆடம்ஸ். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்.

யார் இந்த ஜேன் ஆடம்ஸ்?

1860 செப்டம்பர் 6-ம் தேதி, இல்லினாய் மாகாணத்தின் சீடர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜான் ஆடம்ஸ் மாவு மில் முதலாளி, மாகாண செனட் உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்குத் தெரிந்தவர். ஜேனுக்கு 2 வயதிருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். நாலு வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்து, முதுகு லேசாக வளைந்துபோனது.

அப்பாவோடு ஒருமுறை பக்கத்து நகரத்துக்குப் போனபோது, ஏழைகள் வசிக்கும் தெருவை முதன்முதலாகப் பார்த்தார். அப்போது அவருக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. பெரியவளானதும் தனக்குப் பெரிய வீடு வேண்டும், ஆனால் அது பணக்காரர் தெருவில் இல்லாமல் இந்தச் சின்ன வீடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாராம்.

1881-ல் ராக்ஃபோர்டில் படிப்பை முடித்தார். அதே ஆண்டு அப்பா இறந்துபோனார். டாக்டருக்குப் படிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, பாதியில் விட்டார். கையில் அப்பா சொத்து இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்கள் செய்ததையே இவரும் செய்தார், ஐரோப்பா சுற்றுப்பயணம்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, விற்காமல் அழுகிப்போன காய்கறிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்க நீண்ட ஏழைகளின் கைகள் வருஷக்கணக்கில் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. 1888-ல் அதே லண்டனில் டாயின்பீ ஹால் என்ற இடத்துக்குப் போனார். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஏழைகள் இருக்கும் பகுதிக்கே குடிவந்து, அவர்களோடு வாழ்ந்து வேலை செய்யும் இல்லம் அது. இதையே சிகாகோவில் செய்யலாமே என்று முடிவெடுத்தார்.

ஹல் ஹவுஸ் தொடங்கியது எப்படி?

1889 செப்டம்பர் 18-ம் தேதி. சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த ஒரு பழைய மாளிகைக்கு ஜேன் ஆடம்ஸும் அவருடைய தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரும் குடிபோனார்கள். சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய வீடு என்பதால் ஹல் ஹவுஸ் என்று பெயர். சுற்றிலும் இத்தாலியர்கள், ஜெர்மானியர்கள், ஐரிஷ்காரர்கள், ரஷ்யாவில் இருந்து தப்பி வந்த யூதர்கள், போஹிமியர்கள். பிழைப்பு தேடி வந்து, நெரிசலான வீடுகளில் வாழ்ந்து, ஆலைகளிலும் துணி தைக்கும் கூடங்களிலும் உழைத்த மக்கள்.

இவர்களுக்கு என்ன கொடுக்கலாம்? இரண்டு தோழிகளுக்கும் முதலில் தோன்றியது கலையும் இலக்கியமும்தான். சுவரில் ஐரோப்பாவில் வாங்கிய ஓவியங்களை மாட்டினார்கள். இத்தாலியைக் களமாகக் கொண்ட ஜார்ஜ் எலியட் நாவலை உரக்கப் படிக்கும் கூட்டம் நடத்தினார்கள்.

சிலர் ஆர்வமாக வந்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த பிரச்னை வேறு. அம்மா வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் தெருக்களில் ஆடம்ஸ் சந்தித்த மூன்று குழந்தைகளின் கதையை அவர் பிறகு எழுதினார். ஒரு குழந்தை மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து விழுந்தது. இன்னொன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது குழந்தையை, அம்மா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் சமையலறை மேஜைக் காலில் கட்டிவைத்திருந்தார்கள். மூன்று வருஷம் அப்படி இருந்ததில் முதுகெலும்பே வளைந்துவிட்டது.

வளைந்த முதுகோடு வளர்ந்த ஆடம்ஸுக்கு அதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்? ஹல் ஹவுஸில் மழலையர் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் வந்தன. இந்தத் தேவை, வாசலில் கேட்டதற்குப் பிறகே தெரிந்த தேவை.

சத்தான சூப், ஆனால் வாங்க ஆள் இல்லை

அடுத்து 1893-ல் பொதுச் சமையல்கூடம். தையல் கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. டப்பாவில் அடைத்த உணவை அதிக விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று ஹல் ஹவுஸ் ஆய்வில் தெரிந்தது. தீர்வு சுலபமாகத் தெரிந்தது. ஊட்டச்சத்து விஞ்ஞானப்படி சமைத்து மலிவாக விற்றால் போதும்! பாஸ்டன் நகரில் அப்படி ஒரு சமையல்கூடம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவரை அனுப்பி முறையாகப் பயிற்சி எடுத்துவரச் செய்தார்கள். சூப், ஸ்டூ எல்லாம் பக்குவமாகத் தயாரானது. விலையும் குறைவு.

ஆனா அக்கம்பக்கத்தார் பெரிதாக வாங்கவில்லை.

காரணம் ரொம்பச் சாதாரணம். இத்தாலியருக்கு ஒரு ருசி, யூதருக்கு ஒரு பழக்கம், போஹிமியருக்கு இன்னொன்று. பாஸ்டன் சாப்பாடு இவர்களில் யாருடைய சாப்பாடும் இல்லை. சத்து இருப்பதை ஒத்துக்கொண்ட ஒரு பெண்ணே, தனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஆடம்ஸ் இதை மறைக்கவில்லை. நாக்குக்குப் பழகிய ருசியை, ஊர் ஊராகச் சேர்ந்துவந்த பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் போனதைத் தன் சுயசரிதையிலேயே பதிவு செய்தார். அதே கட்டடத்தில் இருந்த காபிக் கடை, மக்கள் உட்கார்ந்து பேசும் இடமாக மாறியபோது கூட்டம் வந்தது.

ஓர் உயிர் போன குளிர்காலம்

சமையல்கூடத் தோல்வியில் நஷ்டம் பணத்தோடு போச்சு. அடுத்த தப்பு அப்படி இல்லை.

1893-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. வேலை இழந்தவர்கள் உதவி கேட்டு ஹல் ஹவுஸுக்கு வந்தார்கள். உதவி கேட்பவர் உண்மையிலேயே வேலை செய்யத் தயாரா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தக் கால நிவாரண அமைப்புகளின் விதி. கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர் வந்தபோது, நகரின் கால்வாய் வெட்டும் இடத்தில் வேலை இருப்பதாக ஆடம்ஸ் சொன்னார். தான் எப்போதும் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவன், குளிர்காலத்தில் வெளியே வேலை செய்தால் உடம்பு தாங்காது என்றார் அவர். ஆடம்ஸ் விதியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் கால்வாய் வேலைக்குப் போனார். இரண்டு நாள் வேலை செய்தார். நிமோனியா வந்து, ஒரு வாரத்தில் இறந்துவிட்டார். இரண்டு குழந்தைகளை விட்டுப்போனார்.

ஏழை உதவி கேட்டால் சோம்பேறித்தனம் இருக்குமோ என்று சந்தேகப்படுவது அந்தக் காலப் படித்த வர்க்கத்தின் முன்முடிவு. அது விதியாக மாறி, ஒரு நல்ல பெண்ணின் வாய் வழியாகவே வெளிவந்தது. அந்தக் குழந்தைகளைப் பிறகும் பார்க்கும்போதெல்லாம் தனக்கு வலித்ததை ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். ஒருவரின் வாழ்க்கையையும் பழக்கத்தையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விதி புத்தகத்தை வைத்து உதவி செய்ய முடியாது என்பதே அவர் அந்தச் சாவில் இருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

ஒரு மாதிரி நகரத்தின் கதை

அடுத்த ஆண்டே இதே கேள்வி நாடு முழுக்க வெடித்தது. ரயில் பெட்டி தயாரிப்பாளர் ஜார்ஜ் புல்மேன், சிகாகோவின் தெற்கே தன் தொழிலாளர்களுக்காக ஒரு நகரமே கட்டியிருந்தார். செங்கல் வீடுகள், பூங்கா, நூலகம், தியேட்டர் என எல்லாம் உண்டு. ஆனால் யாரும் வீட்டைச் சொந்தமாக வாங்க முடியாது. ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்குப் பேச்சே கிடையாது.

நெருக்கடி வந்ததும் புல்மேன் சம்பளத்தை வெட்டினார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்கள் நின்றன, ராணுவம் இறங்கியது, உயிர்கள் போயின. சமரசம் பேசப் போன குழுவில் ஆடம்ஸும் இருந்தார். புல்மேன் பேச்சுவார்த்தைக்கே ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

இதைப் பற்றி ஆடம்ஸ் எழுதிய கட்டுரையில், ஷேக்ஸ்பியர் நாடகத்தின் லியர் மன்னனோடு புல்மேனை ஒப்பிட்டார். எல்லாம் கொடுத்தேன் என்று நம்பும் அப்பா, பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்காத அப்பா. அன்றைய பத்திரிகைகள் அதைப் போடத் தயங்கின. 1912-ல்தான் கட்டுரை அச்சானது. அதில் அவர் புல்மேனை மட்டும் குறிவைக்கவில்லை. மக்களுக்காகச் செய்கிறோம் என்று சொல்லி, மக்களோடு சேர்ந்து செய்யாத எல்லா தர்மவான்களையும் கேள்வி கேட்டார். அந்தப் பட்டியலில் அவரும் உண்டு.

குப்பைக்கு யார் காரணம்?

ஹல் ஹவுஸ் இருந்த 19-வது வார்டில் குப்பை மலைபோல் குவிந்திருக்கும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று நகரத்தார் பேசுவது வழக்கம். ஆடம்ஸ் வேறு மாதிரி யோசித்தார். கிராமத்தில் தன் வாசலைப் பெருக்கினால் வீடு சுத்தமாகிவிடும், மிச்சம் மீதி வெயிலில் காய்ந்து போகும். நகரத்தில் ஒருத்தி எவ்வளவு பெருக்கினாலும், மாநகராட்சி வண்டி வராவிட்டால் குழந்தைக்கு நோய் வரத்தான் செய்யும்.

எனவே ஹல் ஹவுஸ் பெண்கள் கிளப் உறுப்பினர்கள் சந்து சந்தாக நடந்து கணக்கெடுத்தார்கள். இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்குப் போன புகார்கள் 1,037. அப்புறம் ஆடம்ஸ், குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்குத் தானே டெண்டர் போட்டார். அது நிராகரிக்கப்பட்டது. ஆனால் பரபரப்பு கிளம்பி, 1895-ல் மேயர் அவரையே வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். நகரத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது. காலை 6 மணிக்கே குப்பை வண்டிகளுக்குப் பின்னால் ஆடம்ஸ் போனார். ஒரு சந்தில் சுரண்டச் சுரண்ட, 18 அங்குலம் கீழே கல் பாவிய சாலை ஒன்று கிடைத்தது. அப்படி ஒரு சாலை இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது! இறப்பு விகிதத்தில் நகரில் மூன்றாம் இடத்தில் இருந்த வார்டு, ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

அதே 1895-ல் ஹல் ஹவுஸ் ஒரு வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. ஃப்ளோரன்ஸ் கெல்லி தலைமையில் வீடு வீடாக எடுத்த கணக்கு அதன் அடிப்படை. எந்த வீட்டில் எந்த நாட்டுக்காரர், வாரக் கூலி எவ்வளவு என்று வண்ணம் வண்ணமாகக் காட்டியது. ஏழைகள் பற்றி ஊகித்துப் பேசுவதற்குப் பதிலாக, பார்த்து எழுதிய ஆவணம்.

மக்கள் ஏன் ஊழல் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

வார்டின் கவுன்சிலர் ஜானி பவர்ஸ், ஊழலுக்குப் பேர் போனவர். 1896-லும் 1898-லும் அவரைத் தோற்கடிக்க ஹல் ஹவுஸ் களமிறங்கியது. இரண்டு முறையும் பவர்ஸே ஜெயித்தார்.

மக்களுக்கு அறிவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆடம்ஸ் வாக்காளர் பக்கம் இருந்து யோசித்தார். சாவு வீட்டுக்கு முதலில் வருபவர் பவர்ஸ். அடக்கச் செலவைக் கொடுப்பார். வேலை வாங்கித் தருவார். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி அனுப்புவார். சீர்திருத்தவாதிகளோ நேர்மை, நிர்வாகம் என்று பேசிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். ஊழல் தப்புதான். ஆனால் பக்கத்தில் நிற்பவரைத்தான் மனிதர்கள் நம்புவார்கள் என்று 1898-ல் எழுதினார்.

இதைப் புரியவைத்தது ஒரு குழந்தையின் சாவு. ஹல் ஹவுஸ் காப்பகத்தில் யாரோ விட்டுச்சென்ற ஒரு நோஞ்சான் குழந்தை, எவ்வளவோ பார்த்துக்கொண்டும் இறந்துபோனது. அரசு செலவில் அடக்கம் செய்ய ஏற்பாடானது. 11 மணிக்கு வண்டி வரும். அதற்குள் விஷயம் பரவி, அக்கம்பக்கத்து மக்கள் கொதித்துப்போய் வந்துவிட்டார்கள். அநாதைப் பிணமாக அனுப்புவதா? தங்கள் சொற்பக் கூலியில் இருந்து வசூல் செய்து பணத்தோடு வந்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது கவனித்ததே முக்கியம் என்பது ஹல் ஹவுஸின் கணக்கு. கடைசி மரியாதை என்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கணக்கில் இல்லை.

1900-ல் ஹல் ஹவுஸில் தொழில் அருங்காட்சியகம் திறந்தார்கள். நூல் நூற்கத் தெரிந்த இத்தாலிய, சிரிய, ரஷ்யப் பெண்கள் அங்கே ஆசிரியர் இடத்தில் இருந்தார்கள். அம்மாவோடு வர வெட்கப்பட்டு வேறு வாசல் வழியாக நுழையும் ஒரு பெண், அம்மாவின் நூற்பைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் வியந்ததும், ஒன்றாகவே வர ஆரம்பித்தாள்.

அவருக்கே தெரியாத இருட்டு

இவ்வளவு யோசித்தவரிடமும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: நிறம்.

1901 ஜனவரியில், கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதைக் கண்டித்து ஆடம்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். கண்டித்தார் என்றாலும், கொல்லப்பட்டவர்கள் பாலியல் குற்றம் செய்திருப்பார்கள் என்ற வெள்ளையர்களின் பேச்சை வாதத்துக்காக அப்படியே ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம், கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பதில் எழுதினார். ஆடம்ஸின் நோக்கத்தை மதித்தபடியே, அடிப்படையை உடைத்தார். வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட எண்ணிக்கையை எடுத்துப் போட்டார். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மீது அப்படி ஒரு குற்றச்சாட்டே கிடையாது.

குடியேறிகள் விஷயத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த அதே ஆடம்ஸ், இந்த விஷயத்தில் கேள்விப்பட்டதை நம்பியிருந்தார். அந்தத் தெருவில் அவர் குடியிருக்கவில்லை என்பதே வித்தியாசம்.

இருவரும் பகையாளிகள் ஆகவில்லை. சிகாகோ பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியாகப் பிரிக்கலாம் என்று ஒரு பெரிய பத்திரிகை எழுத ஆரம்பித்தபோது, வெல்ஸ் உதவி கேட்டுப் போனது ஆடம்ஸிடம்தான். ஆடம்ஸ் நகரின் முக்கியஸ்தர்களைக் கூட்டி, பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். அந்தப் பிரசாரம் நின்றது. 1909-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய அமைப்பைத் தொடங்க வந்த அழைப்பில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் புதிய கட்சி, தெற்கு மாகாணங்களின் கறுப்பினப் பிரதிநிதிகளை மாநாட்டில் சேர்க்க மறுத்தது. ஆடம்ஸ் எதிர்ப்புச் சொன்னார், ஆனால் வெளியேறவில்லை. ரூஸ்வெல்ட் பெயரை மேடையில் வழிமொழிந்தார். கறுப்பின மக்கள் பலருக்கு அது வருத்தம். ஒரு முன்முடிவைக் கண்டுபிடித்தால் அது அத்தோடு தீர்ந்துபோகும் என்று இல்லை.

இன்று ஹல் ஹவுஸ் என்ன ஆனது?

முதல் உலகப்போரை எதிர்த்ததால் ஆடம்ஸ் தேசத்துரோகி என்று திட்டு வாங்கினார். 1931-ல் நிக்கோலஸ் முர்ரே பட்லரோடு சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1935 மே 21-ம் தேதி சிகாகோவில் காலமானார்.

அப்போது 13 கட்டடங்களோடு இருந்தது ஹல் ஹவுஸ். 1960-களில் அந்த இடத்தில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகம் கட்ட நகர நிர்வாகம் முடிவு செய்தது. திட்டம் தீட்டியவர்களுக்கு அது பழைய, இடிந்த பகுதி. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது வீடு. ஃப்ளோரன்ஸ் ஸ்காலா என்ற இத்தாலிய வம்சாவளிப் பெண் தலைமையில் அக்கம்பக்கத்தார் மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஸ்காலா சின்ன வயதில் ஹல் ஹவுஸில் வளர்ந்தவர்.

தோற்றுப்போனார்கள். வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. ஹல் ஹவுஸில் மிஞ்சியது இரண்டே கட்டடங்கள். இப்போது அது பல்கலைக்கழகத்துக்குள் ஓர் அருங்காட்சியகம். சுற்றி இருந்த தெருக்கள் இல்லை.